இரண்டாவது டிஷ்

— "ஒன்பதாம் தேதி, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். இன்டர்ஃபெரான் குப்பியை ஐஸில் திருப்பி வைக்க மறந்து, மேசைமேல் பதினொரு நிமிடம் விட்டுவிட்டேன். தொட்டுப் பார்த்தேன், சில்லென்றுதான் இருந்தது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்." இது உன் கையெழுத்துதானே, நோட்டு?

— ஆமாக்கா.

— அப்புறம் என்னடி? நானா எழுதினேன், நீயே எழுதியிருக்க. இதுக்குக் கீழ இன்னும் ஒரே ஒரு வரி. "என் கைப்பிழையால் இரண்டாவது டிஷ் வேலை செய்யவில்லை." கையெழுத்து, தேதி. முடிஞ்சுது. நான் வீட்டுக்குப் போறேன், நீ சாயங்காலக் கிளாஸுக்குப் போ.

— அந்த வரிதான்க்கா வரமாட்டேங்குது.

— பேனா வரமாட்டேங்குதா, கை வரமாட்டேங்குதா?

— அது உண்மையான்னு தெரியலக்கா.

— கடவுளே. முக்கால் மணி நேரமா இதே பாட்டு. குடத்தைக் கவுத்தா "நான்தான் கவுத்தேன்"னு ஓடி வந்து எழுதுவ. பேப்பர் கிளிப் காணாமப் போனாக்கூட ஒரு பக்கம் எழுதுவ. உனக்கு நோட்டுன்னு பேர் வந்ததே அதனாலதான். இன்னிக்கு ஒரு தப்பை ஒத்துக்கோன்னு நானே கேக்கிறேன், முடியாதாம். வாங்கண்ணே, உள்ள வாங்க. ஆபீஸ் அண்ணனே வந்துட்டார் பார். நீங்களே கேளுங்க இவளை.

— நான் என்னத்த மேடம் கேக்கிறது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. அஞ்சரைக்கு ஆபீசைப் பூட்டணும். அதுக்குள்ள ரிப்போர்ட்டை டைப் அடிச்சு, சீல் வெச்சு, குழந்தைங்க வார்டு டாக்டர் மேசையில வைக்கணும். அவர் மூணு தடவை போன் பண்ணிட்டார். அந்தப் பையனுக்கு நாலு நாளா காய்ச்சல் இல்லையாம், இந்த இடைவெளியை விட்டா அடுத்து எப்போ கிடைக்கும்னு தெரியாதாம், நாளைக்குக் காலையில வைத்தியத்தை ஆரம்பிச்சே ஆகணுமாம். மூணாவது தடவை கொஞ்சம் சத்தமாவே சொன்னார்.

— அதுக்குத்தாண்ணே நானும் அடிச்சுக்கிறேன். பையனோட டிஷ்ல ஒரு சந்தேகமும் இல்ல. ரத்தப் பரிசோதனையில என்ன வந்துச்சோ அதேதான் இங்கயும் வந்திருக்கு. அவன் தங்கச்சியோட டிஷ்தான் சொதப்பிடுச்சு. ஏன் சொதப்பிச்சுன்னு ஒரு வரி போட்டா ரிப்போர்ட் ரெடி. இந்த அம்மணி அந்த வரியைப் போட மாட்டேங்கிறா.

— போட்டுடேன் தாயே. இருபத்திரண்டு வருஷமா "தாமதத்துக்கு வருந்துகிறோம்"னு டைப் அடிக்கிறேன். ஒரு நாளாவது வருந்தியிருப்பேனா?

— அது லெட்டர்ணே. இது ஒரு குழந்தையோட ரிப்போர்ட்.

— ஏற்கனவே மார்ச் மாசம் ஒரு கைப்பிழை எழுதிட்ட, இதையும் எழுதினா டிஷ் கழுவுற வேலைக்கு அனுப்பிடுவாங்கன்னு பயமாடி? சொல்லு. மேல நான் பேசிக்கிறேன். உன்னை யாரும் தொட மாட்டாங்க.

— அந்தப் பயம் இல்லக்கா. தப்பு என்னோடதுதான்னு நானும் நினைச்சேன். அஞ்சு நாளா தேடுறேன். கிடைக்க மாட்டேங்குது. கிடைச்சா எழுதிடுவேன்.

— கேட்டீங்களாண்ணே? தேடுறாளாம். தொலைஞ்சு போன சாவி மாதிரி.

— மேடம், கோவிச்சுக்காதீங்க. இத்தனை வருஷமா உங்க ரிப்போர்ட்டை டைப் அடிக்கிறேன், ஒரு எழுத்தும் புரியறதில்ல. என்ன டிஷ், எது சொதப்பிச்சு? எனக்கு வெளங்கினா நானே ஏதாவது வரி கட்டித் தரேன். அதுல நான் கில்லாடி.

— நேரம் போகுது, இப்போ பாடம் வேறயா. சொல்லுடி, சுருக்கமாச் சொல்லு. நான் அதுக்குள்ள மீதியை எழுதுறேன்.

— உடம்புக்குள்ள கிருமி வந்தாண்ணே, செல்லு அந்தக் கிருமியோட ஒரு துண்டை எடுத்து வெளிப்பக்கம் நீட்டிக் காட்டணும். காட்டினாத்தான் காவல்காரச் செல்லுங்க பார்த்துட்டு படையைக் கூப்பிடும். துண்டை வெச்சுக் காட்டுறதுக்கு ஒரு தாங்கி வேணும். தாங்கியில ரெண்டு வகை இருக்கு. முதல் வகை கிட்டத்தட்ட எல்லாச் செல்லுலயும் எப்பவும் கொஞ்சம் இருக்கும். ரெண்டாம் வகை தோல் செல்லுல சும்மா இருக்கும்போது இருக்காது. இன்டர்ஃபெரான்னு ஒரு தகவல் வரணும். வந்தா, உள்ள இருக்கிற ஜீனைப் படிச்சு நகல் எடுத்து, அந்த நகலை வெச்சுத் தாங்கி செய்ய ஆரம்பிக்கும்.

— சர்க்குலர் வந்தாத்தான் ஃபைலைத் திறப்பாங்க. நம்ம ஆபீஸ் மாதிரி.

— அதேதாண்ணே. ஆனா ரெண்டாம் வகைக்குச் சர்க்குலர் மட்டும் பத்தாது. நடுவுல ஒருத்தர் இருக்கார். சர்க்குலர் வந்ததும் அவர் வந்து நாற்காலியில உக்காந்து, "திற"ன்னு சொல்லணும்.

— சூப்ரண்டு.

— சூப்ரண்டுன்னே வெச்சுக்குங்க. முதல் வகை ஃபைலுக்கு வேற சூப்ரண்டு, அவர் பாட்டுக்கு வேலை பார்ப்பார். இந்தப் பையனுக்கு ரெண்டாம் வகை சூப்ரண்டோட நாற்காலி காலி. பொறந்ததுலேர்ந்தே காலி. ஃபைல் இருக்கு, சர்க்குலரும் வருது, திறக்கச் சொல்ல ஆள் இல்ல. அதனால கிருமி வந்து உள்ள குடித்தனமே பண்ணாலும் படைக்குச் சேதி போகாது.

— அதான் ஒன்றரை வயசுப் பையன் மாசத்துல இருபது நாள் வார்டுலயே கிடக்கிறானா. இப்போ புரியுது. நம்ம ஆபீஸ்ல சூப்ரண்டு இல்லன்னா நிம்மதி, அங்க ஆபத்து.

— அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த டெஸ்ட். பையனோட தோல் செல்லை ஒரு டிஷ்ல வளர்த்து, இன்டர்ஃபெரான் விடுவோம். ரெண்டு நாள் கழிச்சு ரெண்டாம் வகை ஜீன்லேர்ந்து எத்தனை நகல் எடுத்திருக்குன்னு மெஷின் எண்ணும். ஜீரோன்னா நோய். ஆனா ஜீரோவை மட்டும் வெச்சு எதுவும் சொல்லிட முடியாது. நான் மருந்தே விடாம இருந்திருந்தாலும் ஜீரோதான் வரும். அதனால நோய் இல்லாத ஒருத்தரோட செல்லையும் பக்கத்துல இன்னொரு டிஷ்ல வெச்சு, அதே மருந்தை விடணும். அதுல நகல் ஏறணும். ஏறினாத்தான் மருந்து நல்லது, மெஷின் நல்லது, கை நல்லதுன்னு நம்பலாம்.

— அந்தப் பக்கத்து டிஷ்ஷுக்குப் பேரு கன்ட்ரோல். அதுதாண்ணே ஏறல. ரெண்டு டிஷ்ஷும் ஜீரோ. மருந்து பதினொரு நிமிஷம் மேசையில கிடந்தா எங்கேர்ந்து ஏறும்?

— சரிதானே தாயே. மேடம் சொல்றது ஞாயமாத்தானே இருக்கு.

— நானும் அப்படித்தாண்ணே நினைச்சேன். கிளாஸ் எடுக்கிற சார்கிட்டகூடக் கேட்டேன். கன்ட்ரோல் கெட்டா எல்லாமே கெட்டதா எடுத்துக்கிட்டு திருப்பிப் பண்ணுன்னார். அக்காகிட்ட சொன்னேன், நேரம் இல்லன்னுட்டாங்க.

— எங்கேடி நேரம் இருக்கு? திருப்பிச் செல் வளர்க்க ஒரு வாரம். அதுக்குள்ள பையனுக்குக் காய்ச்சல் வந்துட்டா? டாக்டர் என்னைத்தான் கிழிப்பார், உன்னை இல்ல.

— அதான் திருப்பிப் பண்ண முடியாதுன்னா, இருக்கிறதை வெச்சே தப்பு எங்கன்னு பார்ப்போம்னு, அதே ரெண்டு டிஷ்லயும் முதல் வகையையும் எண்ணினேன்.

— எதை?

— முதல் வகை ஜீனோட நகலைக்கா. அதுவும் இன்டர்ஃபெரான் வந்தா ஏறும்ல. மருந்து கெட்டுப் போயிருந்தா அது ஏறியிருக்காது.

— உன்னை யாருடி அதை எண்ணச் சொன்னது? டாக்டர் கேட்டது ரெண்டாம் வகை. ரிப்போர்ட் படிவத்துல இருக்கிறது ரெண்டாம் வகை. இருக்கிற வேலை பத்தாதுன்னு இது வேறயா.

— சாப்பாட்டு நேரத்துலதான்க்கா பண்ணினேன்.

— மேடம், திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம். ஏறிச்சா, ஏறலயா?

— ஏறிச்சுண்ணே. ரெண்டு டிஷ்லயும்.

— அப்போ மருந்து நல்லாத்தான் இருந்திருக்கு.

— ஆமாண்ணே. மேசையில கிடந்ததால ஒண்ணும் ஆகல. நான் மருந்து விட மறக்கவும் இல்ல. அதான் அக்கா சொல்ற வரியை எழுத முடியல.

— சரி, மருந்தை விடு. டிஷ்ஷை மாத்தியிருப்ப. ரெண்டுலயும் பையனோட செல்லையே போட்டிருப்ப. ரெண்டும் ஜீரோ. இதுக்கு என்ன சொல்ற?

— அதையும் நினைச்சேன்க்கா. வெள்ளிக்கிழமை பார்த்தேன். ஆம்பிளைப் பிள்ளைகிட்ட மட்டும் இருக்கிற ஜீன் ஒண்ணு இருக்குல்ல, அதை ரெண்டு டிஷ்லயும் தேடினேன். முதல் டிஷ்ல இருந்துச்சு. ரெண்டாவதுல இல்ல. ரெண்டாவது தங்கச்சியோடதுதான்.

— ரெண்டாம் வகையை எண்ணுறதுக்கு மெஷின்ல விடுற மருந்து பழசாயிருக்கும். மெஷின் தப்பா ஜீரோ காட்டியிருக்கும்.

— ரத்தச் செல்லுல எப்பவும் ரெண்டாம் வகை இருக்குமே. ஃப்ரீசர்ல இருந்த வேற ஒருத்தரோட பழைய ரத்தச் செல்லை அதே மெஷின் மருந்தை வெச்சு எண்ணினேன்க்கா. எக்கச்சக்கமா காட்டிச்சு.

— பையனோடது தோல் செல். தங்கச்சியோடது தொப்புள்கொடிச் செல். கொடிச் செல்லே அப்படித்தானோ என்னவோ. ஏறாதோ என்னவோ.

— போன வருஷ நோட்டுல நாலு குழந்தையோட கொடிச் செல் இருக்குக்கா. நாலும் ஏறியிருக்கு. நீங்களே பக்கத்துல "நன்று"ன்னு எழுதியிருக்கீங்க.

— அம்மா தாயே, நான் எழுதினதையெல்லாம் எதுக்குடி படிக்கிற? அண்ணே, இவளை வெச்சுக்கிட்டு நான் படுற பாடு இருக்கே. தப்புப் பண்ணிட்டு மறைக்கிறவங்களைச் சமாளிச்சுடலாம். இவ தப்பு பண்ணலன்னு அஞ்சு நாளா ஆதாரம் தேடிக்கிட்டு, அதையும் என்கிட்ட சொல்லாம வெச்சிருக்கா.

— சொல்ல வந்தேன்க்கா. நேத்து. "கையெழுத்தோட வா, கதையோட வராத"ன்னீங்க.

— ஹா. அது மேடம் சொல்லியிருப்பாங்க. குரல்கூடக் கேக்குது. சரி, ஒரு சந்தேகம். நோய் இல்லாத ஆள்னு சொன்னீங்களே, இங்க வெச்சிருப்பீங்கள்ல, அந்த மாதிரிச் செல். அது எங்க போச்சு? எதுக்கு அந்தப் பச்சைக் குழந்தையோடதை எடுத்தீங்க?

— அது செத்துப் போச்சுண்ணே.

— எல்லாமேவா?

— செல் வளர்க்கிற இன்குபேட்டர் பெட்டிக்குப் போற கேஸ் சிலிண்டர் ஒரு சனி ஞாயிறு காலியாயிடுச்சு. திங்கள்கிழமை வந்து பார்த்தா எல்லாம் போச்சு. புதுச் செல் வர ஒரு மாசம் ஆகும்னாங்க. தங்கச்சியோட கொடித் துண்டு இங்க வந்து வளர்ந்துக்கிட்டிருந்துச்சு, பையனுக்குப் பொருத்தம் பார்க்க எடுத்தது. குழந்தை கொழுகொழுன்னு இருக்கு, ஒரே வீடு வேற. அதையே வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணினது.

— முடிவு பண்ணினது யாரு?

— ஏண்ணே, குறுக்கு விசாரணையா?

— முப்பத்தி நாலாம் பக்கத்துல இருக்குண்ணே.

— அதையும் எழுதிட்டியா? என்னன்னு எழுதியிருக்க, படி பார்ப்போம்.

— "சிலிண்டர் காலி. மாற்றச் சொல்லி யாரும் எழுதிக் கொடுத்ததாகப் பதிவு இல்லை. அக்கா சொன்னதால், நோயாளியின் தங்கை கன்ட்ரோலாக எடுக்கப்பட்டாள்."

— நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா நான் எங்கயும் ஓடக்கூட முடியாது.

— மேடம், நானும் அந்தக் குழந்தையைப் பார்த்தேன். காலையில காரிடார்ல அவங்கம்மா மடியில வெச்சிருந்தாங்க. மூணு மாசம்தான் இருக்கும், பொக்கை வாயைத் திறந்து சிரிக்குது. "இவ அண்ணனுக்கு மருந்தாவே வந்து பொறந்தவ சார், இவ ரத்தம்தான் அவனுக்குப் பொருந்தியிருக்கு"ன்னு அந்தம்மா சொன்னாங்க. அது எப்படி? அவ்ளோண்டு குழந்தைகிட்ட ரத்தம் எடுப்பாங்களா?

— எடுத்தாச்சுண்ணே. பொறந்தப்பவே கொடியில இருந்த ரத்தத்தை எடுத்து உறைய வெச்சிருக்காங்க. நாளைக்குக் காலையிலேர்ந்து பையனுக்கு மருந்து குடுத்து, எலும்புக்குள்ள இருக்கிற பழைய படை மொத்தத்தையும் துடைச்சுடுவாங்க. அப்புறம் இந்தக் கொடி ரத்தத்தை ஏத்துவாங்க. அதுலேர்ந்து புதுப் படை, புதுச் செல், எல்லாம் வரும்.

— துடைச்சப்புறம் ஏத்தினது பிடிக்கலன்னா?

— திரும்ப முடியாதுண்ணே. பழசும் இல்ல, புதுசும் இல்ல. அதான் டாக்டர் அவ்வளவு அவசரப்படுறார், அவ்வளவு பயப்படவும் செய்றார். போதும், மணி அஞ்சு பத்து. நோட்டு, கடைசியாக் கேக்கிறேன். மருந்துன்னு எழுத வேண்டாம். "காரணம் தெரியாத கைப்பிழை"ன்னாவது எழுது.

— கைப்பிழைன்னு தெரியலயேக்கா.

— நடுவுல வரேன்னு நினைக்காதீங்க மேடம். எனக்கு டைப் அடிக்கிறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. மருந்து நல்லது. மெஷின் நல்லது. டிஷ் மாறல. கொடிச் செல்லும் ஏறக்கூடியதுதான். இந்தப் பொண்ணு கையும் நல்லது. அப்புறம் யார் மேலதான் குத்தம்? டைப் அடிக்கிறவனுக்கு ஒரு பேர் வேணும்ல.

— அதைத்தானேண்ணே நானும் முக்கால் மணி நேரமா...

— மேடம்?

— இருங்க.

— என்ன மேடம், உக்காந்துட்டீங்க?

— அக்கா, நான் வேற எதையாவது விட்டுட்டேனா? இன்னொரு தடவை எண்ணணுமா?

— இல்லடி. நீ எதையும் விடல. அந்தக் கணக்கை எடு. பேர் சொல்லாம, நம்பரை மட்டும் படி. முதல் டிஷ்.

— முதல் வகை, ஒன்பது மடங்கு ஏறியிருக்கு. ரெண்டாம் வகை ஜீரோ.

— இது யாரு?

— இந்த நோய் இருக்கிறவங்க. சர்க்குலர் போய்ச் சேர்ந்திருக்கு, ரெண்டாம் வகை மட்டும் திறக்கல.

— ரெண்டாவது டிஷ்.

— முதல் வகை, எட்டு மடங்கு. ரெண்டாம் வகை ஜீரோ.

— இது யாரு?

— கன்ட்ரோல்க்கா.

— பேர் சொல்லாம படின்னு சொன்னேன். நம்பரை மட்டும் பாரு. இது யாரு?

— அக்கா.

— சொல்லு.

— என்னால முடியாதுக்கா.

— என்ன ரெண்டு பேரும் இப்படி முழிக்கிறீங்க? எனக்கும் சொல்லுங்க.

— சர்க்குலர் ரெண்டு ஆபீசுக்கும் ஒழுங்காப் போய்ச் சேர்ந்திருக்குண்ணே. ரெண்டு ஆபீஸ்லயும் சூப்ரண்டு இல்ல.

— என்ன மேடம் சொல்றீங்க. அந்தக் குழந்தை நல்லா இருக்கு. ஒரு சளிகூடப் பிடிச்சதில்லன்னு அந்தம்மாவே சொன்னாங்க.

— முதல் சில மாசம் அம்மாகிட்டேர்ந்து வந்த காப்பு குழந்தை ரத்தத்துல ஓடும். அது தீர்ற வரைக்கும் எந்தக் குழந்தையும் கொழுகொழுன்னுதான் இருக்கும். பையனும் இருந்திருப்பான்.

— இருந்தான். செல்போன்ல போட்டோ காட்டினாங்க. மூணு மாசத்துல எடுத்ததாம், கன்னம் ரெண்டும் உப்பிப்போய். யாரோன்னு நினைச்சுக் கேட்டேன். "இவன்தான் சார்"னாங்க.

— ஆனா பொருத்தம் பார்த்தாங்களேக்கா. எல்லாம் பொருந்திச்சே.

— ஃபைல் ஒண்ணா இருக்கான்னு பார்த்தாங்கடி. நாற்காலியில ஆள் இருக்கான்னு யாரும் பார்க்கல. நானும் பார்க்கல. இதே நோய் இருக்கிற ரத்தத்தை ஏத்தியிருந்தா, துடைச்ச இடத்துல அதே ஓட்டைப் படைதான் திரும்ப வந்திருக்கும். அதுக்குள்ள பையன் போயிருப்பான். அண்ணே, நான் எழுதின அந்த ரிப்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு டாக்டருக்குப் போன் போடுங்க.

— இதோ. ரிங் போகுது. இந்தாங்க மேடம்.

— டாக்டர், லேப்லேர்ந்து பேசறேன். தெரியும் டாக்டர், மூணு தடவை. கொஞ்சம் கேளுங்க, அப்புறம் திட்டுங்க. நாளைக்கு ஆரம்பிக்காதீங்க. இல்ல, பையன் ரிசல்ட்ல மாத்தம் இல்ல. கொடி ரத்தம் ஆகாது. பொருத்தம் சரிதான், பொருந்துறது பிரச்சினை இல்ல. தங்கச்சியோட செல்லும் பதில் சொல்லல. கைப்பிழையா? அதைத்தான் நானும் சொன்னேன், என் டெக்னீஷியன் கேக்கல. இல்ல டாக்டர், நாலு விதமாப் பார்த்திருக்கா, முதல் வகை எட்டு மடங்கு ஏறியிருக்கு. ஆமா. ஆமா, உறுதி இல்ல, குழந்தையோட ரத்தத்தைப் பார்த்தாத்தான் உறுதி. அது வரைக்கும் அவளுக்குப் போலியோ சொட்டு மருந்தோ, உயிருள்ள கிருமி இருக்கிற வேற எதுவோ குடுக்க வேண்டாம், கூட்டத்துல வெச்சிருக்க வேண்டாம். சரி. அதை நீங்கதான் அவங்ககிட்ட சொல்லணும். இல்ல, நானும் கூட வரேன்.

— என்ன சொன்னார் மேடம்?

— வெளியாள்கிட்ட பொருத்தம் தேடச் சொல்லி இப்பவே எழுதுறேன்னார். பொண்ணு இன்னும் ஒரு காய்ச்சல்கூடப் பார்க்கலல்ல, அவளுக்கு நேரம் இருக்குன்னார். அண்ணே, அந்தம்மா இன்னும் காரிடார்லயா இருக்காங்க?

— பெஞ்சுல உக்காந்திருக்காங்க. குழந்தை தூங்குது.

— அங்க அத்தனை பேர் இருமிக்கிட்டிருப்பாங்க. முதல்ல அவங்களை உங்க ரூமுக்குக் கூட்டிட்டுப் போய் உக்கார வைங்க. எதுவும் சொல்லாதீங்க.

— நான் என்னத்த மேடம் சொல்லப் போறேன். ஃபேனைப் போட்டு உக்கார வைக்கிறேன்.

— அக்கா, என் மேல கோவமா?

— உன் மேல கோவப்படாத நாளா பார்த்து ஒரு நாள் சொல்றேன். உன் கிளாஸுக்கு இனிமே பஸ் இல்ல, தெரியும்ல?

— தெரியும்க்கா. நாளைக்குச் செய்ய வேண்டிய வேலையை எழுதிட்டுப் போறேன்.

— எழுது. எழுதினதைச் சத்தமாப் படி. இன்னிக்கு என் கண்ணை நான் நம்பத் தயாரா இல்ல.

— "பதினேழாம் தேதி, புதன். காலை எட்டு மணி: பையனுடைய படுக்கை அப்படியே இருக்கட்டும்; பக்கத்தில் ஆள் இல்லாத தனி அறை ஒன்று தங்கைக்குக் கேட்க வேண்டும். எட்டரை மணி: அவளிடம் ரத்தம் எடுக்க வேண்டும். ஒன்பது மணி: இரண்டாவது டிஷ்ஷில் 'கன்ட்ரோல்' என்று ஒட்டியிருக்கும் சீட்டை எடுத்துவிட்டு, 'நோயாளி இரண்டு' என்று எழுதி ஒட்ட வேண்டும்."